தல்லாவைத் தள்ளியவன்

அலுவலகத்தில் அவனைக் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் பிரதியைச் செப்பனிடுவது அவன் வேலை. ஒரு கமா இடம் மாறிக் கிடந்தால் இந்த மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது என்று பக்கம் வடிவமைக்கும் பெண் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. முதுகை வளைத்து மேசைமேல் கவிழ்ந்திருக்கும்போது ஆளே அந்தக் குறி மாதிரி இருப்பான் என்பதும் உண்மைதான். கேள்விப்பட்ட நாளிலிருந்து மனைவியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. வாடா போடா என்ற பழக்கத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. கோபம் வந்தால் மட்டும் கமா காணாமல் போய்விடும். "இங்க பாரு" என்பாள்.

அவள் எழுதி அவன் செப்பனிட்ட புத்தகம் அச்சாகி வந்த அன்று, 'இங்க பாரு' என்றுகூட அவள் சொல்லவில்லை. அதுதான் அவனைப் பிறகு வெகுநாள் அரித்தது.

சனிக்கிழமை முற்பகல். அச்சகத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டி கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அவள் சமையலறைக் கத்தியால் ஒட்டுநாடாவைக் கிழித்து, மேலே இருந்த பிரதியை எடுத்து, திறக்காமல் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் தொடங்கிய வேலை அது. மகள் இப்போது வேறு ஊரில் விடுதியில் இருந்து படிக்கிறாள். இசைக் கல்லூரியில் பாடம் எடுத்த நேரம் போக, இசை எழுதிய, எல்லாரும் மறந்துபோன ஒரு இத்தாலிக்காரரின் பின்னாலேயே அவள் அத்தனை காலமும் அலைந்திருந்தாள். தல்லா ஃபோன்தே என்பது அவர் குடும்பப் பெயர். ஊற்றிலிருந்து வந்தவர் என்று பொருள்.

"மோந்து பாரு கமா. புது மை," என்று புத்தகத்தை அவன் மூக்கருகே நீட்டினாள்.

"நான் தினமும் மோந்துக்கிட்டுதானே இருக்கேன்."

"அது ஊரார் வீட்டுக் குழந்தை. இது நம்ம வீட்டுது."

அட்டையில் அவர் பெயர் முழுசாக, அழகாக இருந்தது. அவள் காணிக்கைப் பக்கத்தைத் திறந்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும், வந்ததும் தேநீர் போடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தான். சிரிப்பு பாதி வழி வந்து நின்றுவிட்டது. அவள் பக்கத்தைப் புரட்டினாள். இன்னொன்று. நடுவில் ஓரிடம். கடைசியில் பெயர் அகராதிக்குப் போய், டி என்ற எழுத்தின் கீழே விரலை வைத்துத் தேடி, பிறகு எஃப் என்ற எழுத்துக்கு நகர்ந்தாள். அங்கே விரல் நின்றது.

"தல்லா எங்க?"

"எது?"

"தல்லா. நான் எழுதியிருந்தேனே. எல்லா இடத்துலயும் இருந்துச்சே."

அவனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் பின்னால் அவனுக்கு உடம்பு கூசும். ஆனால் அந்தக் கணத்தில் பிடித்துத்தான் இருந்தது. பதில் தெரிந்த கேள்வி அல்லவா.

"அதுவா? அது சும்மா ஒட்டுச்சொல். 'இருந்து'ன்னு அர்த்தம், அவ்வளவுதானே. பேத்தோவனைப் பத்தி எழுதும்போது வான் பேத்தோவன்னா எழுதறோம்? முழுப்பேர் வரும்போது வான் வரும். தனியா குடும்பப் பேர் மட்டும் வந்தா வானை எடுத்துடணும். அதே மாதிரி முழுப்பேர் வர்ற இடத்துல தல்லாவை அப்படியே விட்டுட்டேன், மத்த இடத்துல எடுத்துட்டேன். ஒரே சீரா இருக்கு பாரு."

"பேத்தோவன் எப்போ இத்தாலிக்காரர் ஆனார்?"

"இத்தாலிலயும் உண்டே. லியோனார்டோவை வெறுமனே டா வின்சின்னு எழுதினா விவரம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. அது ஊர்ப்பேர், குடும்பப் பேர் இல்லைன்னு…"

"அது குடும்பப் பேரே இல்லாத காலம்டா. இவங்க அதுக்கு எவ்வளவோ பின்னாடி வந்தவங்க. தல்லா ஃபோன்தே ரெண்டும் சேர்ந்துதான் பேர். அதைப் பிரிக்கக் கூடாது. அகராதியிலகூட டி கீழதான் வரணும். நான் பெரிய எழுத்து டி போட்டு எழுதியிருந்தேன். எதுக்குப் போட்டிருக்கான்னு ஒரு தடவை கேட்கத் தோணலையா?"

"நீ அவங்க பாஷையில எழுதிப் பழகி, அப்படியே கை வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

அவள் மறுபடியும் காணிக்கைப் பக்கத்துக்குப் போனாள். 'பெட்டிகளை நனையாமல் காத்த ஸிஞோரா ஃபோன்தேவுக்கு' என்று இருந்தது. அவள் எழுதியது ஸிஞோரா தல்லா ஃபோன்தே என்று. கணினியில் தேடி மாற்றச் சொன்னபோது, செத்துப்போன இசைக்காரரோடு சேர்ந்து உயிரோடு இருக்கிற ஒரு மனுஷியின் பெயரிலும் கத்தி விழுந்திருந்தது. இத்தனை இடங்களில் மாற்றப்பட்டது என்று அன்று திரையில் ஓர் எண் வந்து நின்றது அவனுக்கு நினைவு வந்தது. பெரிய எண். அதைப் பார்த்து, வயிறு நிறையச் சாப்பிட்டவன் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டதும் நினைவு வந்தது.

அவள் புத்தகத்தை மூடினாள். பெட்டியில் வைத்தாள். பெட்டியின் நான்கு மடிப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, முன்பு இருந்த வரிசையிலேயே, மூடினாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஸிஞோராவுக்கு, அதாவது அந்த அம்மாளுக்கு, இந்த வீட்டில் ஊற்றம்மா என்று பெயர். அந்த இசைக்காரரின் வம்சத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள். கல்யாணம் ஆகாதவள், வயதானவள், ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாதவள். இத்தாலியில் அவள் வீட்டு மாடியில் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. இரண்டும் நிறைய அவர் கைப்பட எழுதிய இசைத்தாள்கள். முதல் பெட்டியை இவளுக்குத் திறந்து காட்டவே ஊற்றம்மா பல வருஷம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இவள் போவாள். கூடவே உட்கார்ந்து காய் நறுக்குவாள். ஊற்றம்மாவின் நாயைக் குளிப்பாட்டிவிடுவாள். "இசை ஆராய்ச்சிக்கு நாய் குளிப்பாட்டப் போறேன்" என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஊற்றம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலக்காரர்கள் அவர் இசையை அச்சிடத் தொடங்கிய நாளிலிருந்து தல்லாவை விட்டுவிட்டு வெறும் ஃபோன்தே என்றே போட்டார்கள். அந்தப் பெயரில் நடன மெட்டுகள் எழுதிய வேறொரு ஆள் இருந்தார். நாளடைவில் இவர் எழுதியது எல்லாம் அந்த ஆள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊற்றம்மாவின் அப்பா பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதி எழுதியே ஓய்ந்தார். பிறகு ஊற்றம்மாவே எழுதினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ, உன் இஷ்டம் போல எழுது," என்றாளாம். "பெயரை மட்டும் முழுசாக எழுது. அப்படி எழுதிக் கொண்டுவா, இரண்டாவது பெட்டியையும் தருகிறேன்."

மனைவி சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்தாள்.

இதையெல்லாம் அவன் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவளேதான் சொல்லியிருந்தாள். ஊரிலிருந்து திரும்பிய அன்று, பயணப்பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து உதறிக்கொண்டே, ஒன்று விடாமல் சொன்னாள். அவன் சாப்பாட்டு மேசையில் யாரோ ஒருவருடைய பிரதியை விரித்துவைத்து, அவள் சொல்லச் சொல்ல "ம்" கொட்டிக்கொண்டிருந்தான். சரியான இடங்களில் கொட்டினான். அதில் அவன் கெட்டிக்காரன். அவள் கதை அவன் காதில் விழுந்தது. விழுந்து, அங்கேயே கிடந்தது. எடுத்துப் பார்க்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அச்சுக்கு முந்தைய கடைசி மெய்ப்பை அவளே பார்த்திருக்க வேண்டியது. அந்த வாரம்தான் அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த மனைவி, வராந்தாவில் நின்றபடி தொலைபேசியில் சொன்னாள்: "நீயே பார்த்து அனுப்பிடு கமா. உன்னைவிட யாரு ஒழுங்கா பார்க்கப் போறாங்க?" சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேள் என்பது பதிப்பகத்தின் விதி. அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்போது மாமியார் இவர்கள் வீட்டில்தான், பின்னறையில், நடைதாங்கியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மதியம் அவன் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போனபோது அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"வீடு ஏன் மாப்பிள்ளை இப்படி அமைதியா இருக்கு? புத்தகம் வந்துச்சுன்னாளே."

"வந்துச்சு அத்தை. ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யாரு பண்ணது?"

"நான்தான்."

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் சொன்னான். இசைக்காரர், ஊற்றம்மா, பெட்டி எல்லாவற்றையும் சொன்னான். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட எடுத்து வைக்காமல் கேட்டாள்.

"அது என்ன வார்த்தை, இன்னொரு தடவை சொல்லுங்க."

"தல்லா."

"தள்ளாவா?"

"தல்லா அத்தை."

"எனக்குத் தள்ளான்னுதான் கேட்குது. தள்ளாதேன்னு பேர்லயே எழுதி வச்சிருக்காங்க. அதைப் போய்த் தள்ளிட்டீங்களே மாப்பிள்ளை." சிரிக்கத்தான் சொன்னாள். பாதியில் அவளுக்கே சிரிப்பு வரவில்லை. "எல்லாம் இந்த இடுப்பால வந்தது," என்று தட்டைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"உங்க இடுப்பு என்ன பண்ணுச்சு அத்தை. சாப்பிடுங்க."

திங்கட்கிழமை அவன் மேலாளரிடம் போய் நின்றான். அச்சடித்தது எல்லாம் கட்டாகிக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. "மறுபதிப்பு வந்தா பார்த்துக்கலாம்," என்றார் மேலாளர். மறுபதிப்பு வராது என்று இருவருக்கும் தெரியும். "பிழைதிருத்தச் சீட்டு ஒண்ணு வச்சுடுவோம். நீங்களே அடிச்சுக் கொடுங்க. ஏன் கமா, உங்ககிட்டயே இப்படியா?" அதில் குத்தல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஃபோன்தே என்று வரும் இடமெல்லாம் தல்லா ஃபோன்தே என்று படிக்கவும் என்று ஒரு வரிச் சீட்டு. அதற்குள் கமா எதுவும் தேவைப்படவில்லை.

பக்கம் வடிவமைக்கும் பெண் அச்சுப்பொறியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்து அவன் மேசையில் வைத்தாள். கிண்டல் அவள் வாய்வரை வந்திருக்க வேண்டும். விழுங்கிவிட்டு, "வெட்டறதுக்கு நான் வரட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

மனைவி ஊற்றம்மாவைப் பார்க்கக் கிளம்பத் தயாரானாள். பயணச்சீட்டு எப்போதோ எடுத்தது. போவதற்கு முந்தைய நாள் காலை அவன் மெல்லிய நுனிப் பேனாவும் ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"என்ன பண்ற?"

"அவங்களுக்குக் கொடுக்கற ஒரு பிரதியிலயாவது கையால எழுதிடறேன். ஒவ்வொரு இடத்துலயும். என் கையெழுத்து அச்சு மாதிரியே இருக்கும், உனக்குத் தெரியாதா. இன்னைக்குள்ள முடிச்சுடுவேன்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் முதல் பக்கத்தில், ஸிஞோராவுக்கும் ஃபோன்தேவுக்கும் நடுவே, கீழே ஒரு சின்ன கூரைக் குறி போட்டு, மேலே தல்லா என்று எழுதியிருந்தான். உண்மையிலேயே அச்சு மாதிரிதான் இருந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையில் ஒரு குப்பை வண்டி வந்து நின்று, நிரப்பிக்கொண்டு, போனது.

"வேணாம்," என்றாள்.

"ஏன்?"

"அவங்க கையில இருக்கற பிரதியில மட்டும் பேர் இருந்து, மத்த எல்லார் கையிலயும் இல்லைன்னா, அது என்ன? அவங்களை ஏமாத்தறது. அவங்க குழந்தை இல்ல."

"சீட்டு வைக்கறோம்ல?"

"சீட்டு கீழ விழுந்துடும். உனக்குத் தெரியாததா?"

அவள் பெட்டியிலிருந்து கை படாத வேறொரு பிரதியை எடுத்து, ஒரு துண்டில் சுற்றி, பயணப்பெட்டிக்குள் வைத்தாள். "ரெண்டாவது பெட்டி கிடைக்காது, இல்ல?" என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்கவும் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பினாள். விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டாள். வந்ததும் அம்மாவின் அறைக்குப் போனாள். பிறகு குளித்தாள். பிறகு சமையலறை ஜன்னலோரம் நின்று தலையைத் துவட்டினாள். துணிகளை எடுத்து உதறவில்லை. அவன் மேசையில் எந்தப் பிரதியும் விரிக்காமல், இரண்டு கையையும் வெறும் பலகைமேல் வைத்துக் காத்திருந்தான்.

"காணிக்கைப் பக்கத்தைத்தான் முதல்ல திறந்தாங்க," என்றாள் கடைசியில். "ஆங்கிலம் தெரியாது, ஆனா தன் பேரு தெரியும்ல. விரலை வச்சுப் படிச்சாங்க. அப்புறம் மூடி வச்சுட்டு எனக்குக் காபி போட எழுந்து போனாங்க. ரொம்ப நேரம் வரல. நான் நாயைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"திட்டலையா?"

"திட்டினா பரவாயில்லையே. காபி கொடுத்தாங்க. சர்க்கரை போதுமான்னு கேட்டாங்க. ரெண்டாவது பெட்டியை நகராட்சி நூலகத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன், அங்க பத்திரமா இருக்கும்னு சொன்னாங்க. முதல்லயே கொடுத்துட்டாங்களா, அந்த நிமிஷம் முடிவு பண்ணாங்களா, தெரியல. நான் கேட்கல."

துண்டை நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"யார் இப்படி எழுதினதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "நான்னு சொல்ல வேண்டியதுதானே? என் புருஷன் ஒரு மடையன்னு சொல்லியிருந்தா அந்தப் பெட்டி…"

"சத்தியம் பண்ணது நான்டா. நீ இல்ல. கடைசி மெய்ப்பைப் பார்க்காம விட்டதும் நான்." நிறுத்தினாள். "அதோட, உன்னை அவங்ககிட்ட விட்டுக்கொடுக்க மனசு வரல. அங்க போனா எப்பவும் உன்னைப் பத்திப் பெருமையாத்தான் சொல்லுவேன். ஒரு எழுத்து தப்பினா கண்டுபிடிச்சுடுவான்னு."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். நடுப்பகல் வெயில் மேசைமேல் சதுரமாக விழுந்து கிடந்தது. அவன் அதற்குள் கையை வைத்துப் பார்த்தான், எடுத்தான். அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பான். பாராட்டிவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அவன் அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் இத்தாலிய வாக்கியம் ஒன்றை மனப்பாடம் செய்தான். நீளமானது இல்லை. அந்தச் சொல்லை எடுத்தது நான், அவள் இல்லை, அவ்வளவுதான். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளில் ஊற்றம்மாவின் எண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், மனைவி அம்மாவைப் பிடித்து நடக்கவைத்துக்கொண்டிருந்த நேரம், அவன் சமையலறைக்குள் போய் எண்ணை அழுத்தினான்.

மணி வெகுநேரம் அடித்தது. பிறகு ஒரு குரல். எதிர்பார்த்ததைவிடக் கம்பீரமான குரல்.

"ஸிஞோரா தல்லா ஃபோன்தே," என்றான் அவன். நாக்கு இரண்டு சொல்லையும் தடங்கல் இல்லாமல் சேர்த்துச் சொன்னது. இத்தனை காலத்தில் அந்தப் பெயரை அவன் முழுசாக வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை என்று சொல்லும்போதுதான் தெரிந்தது. கண்ணால் மட்டுமே பார்த்து, கையால் மட்டுமே வெட்டிய பெயர்.

"ஸீ," என்றாள் அவள். ஆமாம்.

அவன் மனப்பாடம் செய்ததைச் சொன்னான். எடுத்தது நான். அவள் இல்லை. நான்.

அந்தப் பக்கம், நாய் எங்கோ தரையில் நகத்தைத் தேய்த்து நடக்கும் சத்தம். பிறகு ஊற்றம்மா பேசத் தொடங்கினாள். சத்தம் போடவில்லை. அவசரப்படவில்லை. ஒரே சீராக, நடுநடுவே மூச்சு வாங்கி, பேசிக்கொண்டே போனாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. குறுக்கே பேச அவனிடம் வேறு வாக்கியமும் இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் நிறுத்திய இடங்களில் எல்லாம் "ம்" என்றான். அவன் வாயிலிருந்து அதுதான் வந்தது. கடைசியில் அவள் ஏதோ சொல்லி, வைத்துவிட்டாள்.

திரும்பினால் வாசற்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் நடைதாங்கியைப் பிடித்தபடி மாமியார்.

"யாருகிட்ட பேசின?"

"ஊற்றம்மாகிட்ட."

அவள் முகம் மாறியது. "என்ன சொன்ன?"

அவன் அந்த வாக்கியத்தை அவளிடம் சொல்லிக் காட்டினான். அவள் உச்சரிப்பைத் திருத்தவில்லை.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தெரியல. நிறைய சொன்னாங்க."

"நீ?"

"'ம்'னேன்."

அவள் நெற்றியைக் கதவுச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இந்தத் தடவை நிஜமாவே கவனிச்சுத்தான் கேட்டேன்," என்றான். "ஒரே ஒரு வார்த்தை பிடிபட்டுச்சு. ரெண்டு மூணு தடவை வந்துச்சு. தல்லா, தல்லான்னு."

அவள் நிமிர்ந்தாள். ஒரு கணம் கண்ணில் ஏதோ வந்து போனது. "கூடவே ஃபோன்தே வந்துச்சா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்ல. தல்லா மட்டும்தான்."

"அவங்க பாஷையில ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை அது வரும்டா," என்றாள் அவள் மெதுவாக. "'இருந்து'ன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

கூடத்தில் மாமியார் நடைதாங்கியை ஓர் அடி தள்ளிவைத்தாள். மனைவி திரும்பிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் ரிசீவரை வைக்க மறந்து, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.